பீப் சத்தமும் ரொட்டிக்காரர் தூக்கமும்

முனை பேக்கரியில் ரொட்டி கருகினால் அது ரகசியமாக இருக்காது. காலையில் பையைப் பிரித்த வீடுகளில் எல்லாம் கறுத்த அடிப்பக்கம் பல்லை இளித்துக் காட்டிவிடும். முதல் தடவை கருகியபோது தெரு பெருந்தன்மையோடு சுரண்டிவிட்டுச் சாப்பிட்டது. மூன்று வாரத்திற்குள் இரண்டாவது தடவையும் கருகவே கூடிப் பேச ஆரம்பித்தது. ரொட்டிக்காரருக்குக் கண் மங்கிவிட்டது என்று ஒரு கட்சி. வீட்டில் சண்டை என்று இன்னொரு கட்சி. இரண்டும் இல்லை, மனுஷனுக்கு மனசுக்குள் ஏதோ இருக்கிறது என்று மூன்றாவது கட்சி. இந்தக் கட்சிக்குத்தான் ஆதாரம் குறைவு, ஆள் அதிகம்.

உண்மை என்னவென்று அவர் மனைவிக்குத் தெரியும். மனுஷனுக்குத் தூக்கம் இல்லை, அவ்வளவுதான். தூக்கத்தைக் கெடுப்பது அவளுடைய கம்ப்யூட்டர்.

அவளைத் தெரு டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிடும். வேலை பார்த்த அலுவலகம் புது மெஷின்கள் வாங்கியபோது பழையதில் ஒன்றை அவள் தலையில் கட்டி, வேலையையும் வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டது. ஆறு மாதமாக அந்தப் பெட்டி முன்னறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. முன்னறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரைதான் தொங்குகிறது. கதவு உப்பிப்போய் மூட வராமல் அடம் பிடித்ததால் கழற்றி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. 'அடுத்த வாரம் மாட்டிடலாம்' என்று ரொட்டிக்காரர் சொன்ன அந்த அடுத்த வாரம் இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது அவள் அடித்துக்கொண்டிருப்பது பாசிகளைப் பற்றிய ஒரு புத்தகம். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் நாற்பது வருஷமாகப் பாறையையும் சுவரையும் உற்றுப் பார்த்து எழுதியது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், அத்தனையும் கையெழுத்து. அந்தக் கையெழுத்தே ஈரச் சுவரில் பாசி படர்ந்த மாதிரிதான் இருக்கும்.

பாசிகளுக்கு வாயில் நுழையாத பெயர்கள். டைப்பிஸ்ட் தாளைப் பார்த்து அடிப்பாளே தவிரக் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க மாட்டாள். இரண்டு மாதமாக அவள் அடிக்கும்போது பெட்டி திடீர் திடீரென்று 'பீப்' என்று கத்தியது. ஒரு எழுத்து தப்பாகப் போய்விட்டது போலிருக்கிறது, மெஷின் அதட்டுகிறது என்று எடுத்துக்கொண்டாள். திரும்பப் போய்ப் பார்ப்பாள். தப்பு இருக்காது. 'நம்ம கண்ணுக்குத் தெரியல, அதுக்குத் தெரியுது' என்று இன்னொரு தடவை பார்ப்பாள். இருபத்தாறு வருஷம் தட்டச்சு செய்தவள் ஒரு தகரப் பெட்டிக்குப் பயந்து கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

அவளையாவது அதட்டியதோடு விட்டது. திரைக்கு அந்தப் பக்கம் அது செய்த வேலை வேறு.

ரொட்டிக்காரர் இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டுக் காலை எட்டு மணிக்குப் படுப்பவர். பேக்கரி அடுப்பும் பீப் என்றுதான் கத்தும். அது கத்திய நொடியில் கதவைத் திறந்து தட்டை இழுக்காவிட்டால் நாற்பது ரொட்டியும் போச்சு. பத்தொன்பது வருஷப் பழக்கம். காது கேட்டால் கை போய்விடும், நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது.

ஆகவே பெட்டி பீப் என்றதும் தூக்கத்திலேயே எழுந்திருப்பார். கண் மூடியபடியே இருக்கும். தலையணை மேலிருக்கும் துண்டைக் கையில் சுற்றிக்கொள்வார், சுடுமே! பீரோவைத் திறப்பார். மடித்து வைத்த துணிகளை அடுக்கோடு வெளியே இழுப்பார். கட்டிலில் வரிசையாக ஆற வைப்பார். ஒன்றைத் தூக்கித் திருப்பி, விரல் முட்டியால் அடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். ரொட்டி வெந்திருந்தால் உள்ளே காற்றாக 'டொக்' என்று கேட்க வேண்டும். போர்வை எங்கே டொக் என்று சொல்லும்?

"இன்னும் வேகல," என்று முணுமுணுத்துவிட்டு எல்லாவற்றையும் திரும்ப பீரோவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். அந்தச் சத்தத்தில்தான் முழிப்பு வரும். அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது. விட்ட தூக்கம் ராத்திரி அடுப்பு முன்னால் வந்து கவ்வும், அப்போது அடுப்பு கத்துவதுகூடக் காதில் ஏறாது.

முதல் நாள் இதைத் திரை இடுக்கில் பார்த்த டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினைந்தாம் நாள் சிரிப்பு வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, மாடியில் குடியிருக்கும் நாத்தனார் படியிறங்கி வந்தாள். ரொட்டிக்காரருக்கு மூத்தவள். செய்தி கொண்டுவரும்போது மட்டும் அவளுக்கு முட்டி வலிக்காது.

"ஏம்மா, தம்பி உங்கிட்ட சொன்னானா இல்லையா?"

"என்னத்த அண்ணி?"

"சொல்லியிருக்க மாட்டான், தெரியும். முதலாளி வெள்ளிக்கிழமை ராத்திரி தானே வந்து அடுப்புக்கிட்ட நிக்கப் போறாராம். அன்னிக்கு ஒரு ரொட்டி கருகினாலும் தம்பியைத் தூக்கிப் பொட்டலம் கட்டுற மேஜையில போட்டுடுவாராம். காகிதம் சுத்துற வேலை! எங்கப்பா பெத்த ஒரே பையன், பொட்டலம் மடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

டைப்பிஸ்ட் திரையைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் குறட்டை இல்லை. மனுஷன் முழித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாத்தனார் போன பிறகு உள்ளே போய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிடுவ. புஸ்தகம் பாதியில நிக்கும். அந்தப் பெரியவர் பாவம்."

"அவரு நாற்பது வருஷம் பொறுத்தவரு, இன்னும் நாலு நாள் பொறுக்க மாட்டாரா?"

"அதை விடு. பொட்டலம் கட்டுறதும் வேலைதான," என்றார் ரொட்டிக்காரர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு. மனுஷன் சுவரோடு பேசினால் அது பொய் என்பது பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு அத்துப்படி. அடுப்பு இல்லாவிட்டால் அவர் பாதி ஆள்.

அன்றைக்கே சத்தத்தை ஒழிக்கும் படலம் தொடங்கியது.

முதலில் வந்தது எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், சக்கரம் இல்லாத விஷயங்களிலும் அவருக்குக் கருத்து உண்டு. மேஜைமேல் இருந்த இரண்டு ஸ்பீக்கரையும் பார்த்தார், ஒயரைப் பிடுங்கினார், கையைத் தட்டிக்கொண்டார்.

"முடிஞ்சுது தங்கச்சி. வாயே இல்லாதவன் எப்படிக் கத்துவான்?"

சொல்லி வாய் மூடவில்லை. பீப்!

மாஸ்டர் கையிலிருந்த ஸ்பீக்கரை ஒரு தடவை பார்த்தார். பெட்டியை ஒரு தடவை பார்த்தார். "உள்ள வேற ஒருத்தன் உக்காந்திருக்கான்," என்றார். உள்ளே திரைக்குப் பின்னால் பீரோ கதவு கிரீச்சிட்டது. மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டார்.

ஸ்பீக்கரைத் திரும்பச் செருகி, சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைக் கம்ப்யூட்டர் திரையில் கடைசி வரை இறக்கிப் பார்த்தாள். பாட்டு நின்றது, படம் ஊமையானது, பீப் மட்டும் யாருக்கும் கட்டுப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்காரர் மாடியில் அக்கா வீட்டில் படுக்கப் போனார். பதினோரு மணிக்கே தலையணையும் கையுமாக இறங்கி வந்துவிட்டார்.

"என்னங்க, அங்கதான் சத்தமே இல்லையே?"

"பெட்டி சத்தம் இல்ல. அக்கா தலைமாட்டுல உக்காந்து, 'தூங்கிட்டியா தம்பி, தூங்கிட்டியா'ன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேக்குது."

சரி, அவர் தூங்கும் வரை வேலையே செய்யக் கூடாது என்று டைப்பிஸ்ட் மெஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வீடு கப்சிப். அரை மணி நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீங்க தூங்கணும்னுதான்."

"நீ தட்டலேன்னா எப்படித் தூக்கம் வரும்? நீ தட்டிக்கிட்டிருந்தா, வீட்ல ஒரு ஆள் முழிச்சிருக்குன்னு இருக்கும். அப்புறம் நான் எதுக்கு முழிக்கணும்? அந்த பீப் மட்டும்தாம்மா வேண்டாம்."

இப்படிச் சொன்னால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஷினைத் திரும்பப் போட்டாள்.

புதன்கிழமை நாத்தனார் கையில் ஒரு பஞ்சு மெத்தையோடு வந்தாள். அவளுடைய கல்யாணத்தின்போது வந்த மெத்தை, அவள் வீட்டுப் பரணில் பொக்கிஷமாக இருந்தது.

"கைக்குழந்தை அழுதாப் போர்த்தித்தானே தூங்க வைக்கிறோம்? நகரு."

பெட்டியை நாலு பக்கமும் மெத்தையால் சுற்றி, மேலே ஒரு கயிற்றையும் கட்டினாள். பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் முகத்தில் வெற்றிக் களை. "படிச்சு என்ன பிரயோஜனம்? அனுபவம் வேணும்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தது. ஒரு பீப் இல்லை, இரண்டு பீப் இல்லை. பீப் பீப் பீப் என்று மூச்சு விடாமல், மெத்தைக்குள்ளிருந்து யாரோ கழுத்தை நெரித்த மாதிரி.

உள்ளே ரொட்டிக்காரர் எழுந்துவிட்டார். இந்தத் தடவை ஒரு தட்டு இரண்டு தட்டு இல்லை, அடுப்பு முழுவதும் பற்றிக்கொண்டது போலிருக்கிறது. பீரோவின் நாலு அடுக்கும் கட்டிலுக்கு வந்தன. கண்ணை மூடிக்கொண்டே திரையை விலக்கி வெளியே வந்தார், துண்டு சுற்றிய கையால் அக்காவைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். "தள்ளு தள்ளு, சுடும்!" என்று மெத்தையோடு பெட்டியை அணைத்துத் தூக்கப் போனவர், அக்கா போட்ட அலறலில்தான் கண் விழித்தார்.

அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "உன் புருஷனுக்குப் பேய் பிடிச்சிருக்கு!"

டைப்பிஸ்ட் மெஷினை அணைத்தாள், கயிற்றை அவிழ்த்தாள். நாத்தனார் மெத்தையை வாங்கிக்கொண்டு மாடியேறினாள். அந்த வாரம் அவள் சொன்ன கடைசி யோசனை அதுதான். இந்த அளவுக்காவது நன்மை.

வியாழக்கிழமை காலை ரொட்டிக்காரர் வேலையிலிருந்து வந்தார். வழக்கம்போல மாவு படிந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேஜைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். ஆனால் படுக்கப் போகவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீ பாட்டுக்கு அடி. நான் இதை முழிச்சிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதே இல்ல."

டைப்பிஸ்ட் அடித்தாள். ஒரு பக்கம் போயிற்று. பீப்.

"பாத்தீங்களா, ஏதோ தப்பு அடிச்சுட்டேன்," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இரு. கையை எடு. ரெண்டு கையையும் மடியில வை."

வைத்தாள். இரண்டு பேரும் பெண் பார்க்க வந்தவர்களைப் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பீப்.

"நீ தொடவே இல்ல. அப்பவும் கத்துது," என்றார் ரொட்டிக்காரர். "உன்னைத் திட்டலம்மா அது. எத்தனை நாளா நீ தப்பு பண்றதா நெனச்சுக்கிட்டிருக்க?"

"ரெண்டு மாசமா."

"அடப்பாவமே."

பிறகு அவர் செய்ததை அடுப்புக்காரர் மட்டும்தான் செய்வார். புறங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில், தொடாமல், ஒரு விரல் இடைவெளியில் பிடித்தார். கண்ணை மூடினார். மேலே கொண்டுபோனார், பின்பக்கம் கொண்டுபோனார், அங்கே நிறுத்தினார்.

"இது வேகுது," என்றார். "சூடு ஏறி ஏறிக் கத்துது. எங்க அடுப்பும் இப்படித்தான், உள்ள காத்து சுத்தலேன்னா ஊரைக் கூட்டும். நேத்து அக்கா இதுக்கு மெத்தையைப் போர்த்தி விட்டுச்சே, அது கத்தாம என்ன பண்ணும்?"

மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கினார்கள். எதிர்வீட்டு மாஸ்டரிடம் வாங்கி வந்த திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு சின்ன விசிறி. விசிறி என்று சொன்னால்தான் தெரியும். இறக்கைகளின் மேல் வெள்ளையாக, கம்பளி மாதிரி ஒன்று விரல் தடிமனுக்கு மூடிக் கிடந்தது.

"தூசி," என்றாள் டைப்பிஸ்ட், வெட்கத்தோடு. வீட்டைப் பெருக்காதவள் என்று ஆகிவிடுமே.

ரொட்டிக்காரர் ஒரு துணுக்கைக் கிள்ளினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மோந்தார். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். கோட்டின் ஓரம் சரியாகப் பெட்டியின் காற்றோட்டத் துளைகளுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

"இது என் மாவு," என்றார்.

ஆறு மாதமாக அவருடைய மாவை அவருடைய கோட்டிலிருந்து அந்த விசிறி உறிஞ்சியிருக்கிறது. உறிஞ்சியது அடைத்திருக்கிறது. அடைத்தது சூடாகிக் கத்தியிருக்கிறது. கத்தியது அவரையே எழுப்பியிருக்கிறது. தன் தூக்கத்தைத் தானே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் படுக்கப் போன ஆளை என்னவென்று சொல்வது?

"யாரு இங்க ஆணி அடிச்சது?"

டைப்பிஸ்டுக்குத் திடீரென்று திருப்புளியின் மேல் அக்கறை வந்துவிட்டது. "எது... இதுவா? ஏற்கெனவே இருந்துச்சோ என்னவோ."

ரொட்டிக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து மெல்லிய தூரிகையை எடுத்தார். வெந்த ரொட்டிமேல் மாவைத் தட்டிவிடுகிற தூரிகை. ஒவ்வொரு இறக்கையாக, குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி துடைத்தார். மடியில் விழுந்த மாவைத் திரட்டினால் ஒரு பன்னுக்குக் காணும்.

உள்ளே மூலையில் சட்டைப் பித்தான் அளவுக்குக் கறுப்பாக ஒன்று, அதிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்.

"இதுதான் கத்துறவன்," என்றாள் டைப்பிஸ்ட். "பிடுங்கிடவா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. எதுக்கு வம்பு?"

"வேண்டாம். ரெண்டு மாசமா உண்மையைச் சொல்லியிருக்கான். நாமதான் புரியாம மெத்தை போர்த்தினோம். அவன் வாயைக் கட்டிட்டு, நாளைக்கு மெஷினே கருகிப்போனா உன் பாசி என்னாகும்?"

கோட்டுக்குப் படிக்கட்டுப் பக்கம் வெளியே வேறு ஆணி அடித்தார். படியெல்லாம் மாவு என்று மாடியிலிருந்து உடனே ஒரு புகார் வந்தது. அது போகட்டும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரொட்டிக்காரர் படுத்தார். டைப்பிஸ்ட் மெஷினைப் போட்டாள். போட்டதும் அது வழக்கமாகச் சொல்கிற ஒரே ஒரு பீப். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரை இடுக்கில் பார்த்தாள். அவர் கை மட்டும் எழுந்தது. கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிற்று. "இன்னும் நேரம் இருக்கு," என்றார். புரண்டு படுத்தார். குறட்டை வந்தது.

அவள் அடிக்க ஆரம்பித்தாள். ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு பீப் இல்லை. பாறைப் பாசி முடிந்தது, சதுப்புப் பாசி முடிந்தது. ஓடு, கூரை, கிணற்றுச் சுவர் எல்லாம் ஓடின. மத்தியானம் ஒன்றரைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை அடித்து முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டாள். கை நின்றது.

குறட்டையும் நின்றது.

"ஏன்... நிறுத்திட்ட?" என்றது திரைக்குப் பின்னால் பாதித் தூக்கக் குரல்.

இன்னும் மூன்றரை மணி நேரம் அவர் தூங்க வேண்டும். ராத்திரி முதலாளி வந்து நிற்பார். அடிப்பதற்கோ ஒரு தாள் பாக்கி இல்லை. விரல்கள் தாமாகவே விசையில் விழுந்தன. எதையாவது அடிக்க வேண்டுமே! மனதில் முதலில் இருந்தது எதுவோ அது வந்தது. அது நாத்தனார்.

பத்தொன்பது வருஷமாக அண்ணியிடம் சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் அடித்தாள். மெத்தையில் தொடங்கினாள். தன் கல்யாணத்தன்று அண்ணி சொன்ன ஒரு வார்த்தைக்குப் போனாள். அண்ணிக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் மாடியிலிருந்து சத்தமே இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்ததையும், தான் நாளுக்கு நாலு தடவை மேலே ஏறிப் பார்த்ததையும் என்னமோ அடித்துவிட்டாள். அப்புறம் பேச்சு தானாக ரொட்டிக்காரர் பக்கம் திரும்பியது. பீரோவைத் திறந்து போர்வையைத் தட்டிப் பார்க்கிற ஆள். ரொட்டி கருகியதைவிட, முதலாளி வரப்போவதை எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் கோபம். அந்த ஆணியை அடித்தது நான்தான். கோட்டில் அப்போதுதான் வெந்த ரொட்டி வாசனை வரும், அது பக்கத்தில் தொங்கினால் அவரே பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், அதற்காக. இதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு முதலாளி வருகிறார். அடுப்பு நிலைக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு ரொட்டிக்காரர் தானாக எழுந்து, சோம்பல் முறித்து, "இப்படித் தூங்கி ரெண்டு மாசமாச்சு," என்றார். டைப்பிஸ்ட் விரலை உதறிக்கொண்டாள். அவசர அவசரமாகப் புத்தகக் கோப்பைப் பேராசிரியருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, புருஷனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்க எழுந்தாள்.

சனிக்கிழமை காலையில் தெரு பையைப் பிரித்தது. திருப்பிப் பார்த்தது. அடிப்பக்கம் பொன்னிறமாக இருந்தது. மூன்று கட்சிகளும் 'நாங்கதான் அப்பவே சொன்னோமே' என்று கலைந்தன. முதலாளி ஒரு ரொட்டியைத் தட்டிப் பார்த்து, ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாராம். அவர் பாராட்டுவது அப்படித்தான் என்று ரொட்டிக்காரர் சொன்னார். சொல்லும்போது சுவரைப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்கு போன் வந்தது. பேராசிரியர்.

"அம்மா, ராத்திரியெல்லாம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கண்ணுல பட்ட வரைக்கும் ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல. ஆனா கடைசி இருபது பக்கம் நான் எழுதினதா ஞாபகம் இல்லையே."

அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டாளா? பாசிகளுக்குக் கீழே அண்ணியா?

"ஐயோ சார், அது வந்து... அதை அழிச்சிடுங்க சார், தயவு பண்ணி..."

"அழிக்கிறதா? மூணு தடவை படிச்சாச்சு. எங்க வீட்டம்மாவும் படிச்சாச்சு. நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அவருக்கு அடுப்பு நிலைச்சுதா இல்லையா? அதை எழுதாமயே விட்டுட்டீங்களே!"

டைப்பிஸ்ட் திரையைப் பார்த்தாள். போன் வாயைக் கையால் மூடிக்கொண்டு குரலைத் தணித்தாள்.

"நிலைச்சுது சார். கொஞ்சம் மெதுவா பேசுங்க, தூங்குறாரு."